இடக்கைப் பக்கத்துக் குவளை

போன வாரம் பரிசோதனைக்குப் போன இடத்தில் கையுறை போட்ட ஒரு பெண், மூடி வைத்த பிளாஸ்டிக் டப்பாவை என்னிடம் நீட்டி, "மூடிய நல்லா திருகிக் குடுங்க தாத்தா" என்றாள். திருகினேன். நம்பிக்கை வராமல் இன்னொரு முறையும் திருகினேன். "ஐயோ, ஒடச்சிடப் போறீங்க" என்று சிரித்தாள். மூடி என்ற பொருளே இல்லாத பரிசோதனை அறையில் நான் உத்தியோகம் பார்த்தவன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

டப்பாவைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்ததும் கிருமி கொல்லும் கார்பாலிக் வாசனை வந்தது போலிருந்தது. அங்கே கார்பாலிக் கிடையாது. என் மூக்கு தானாக வரவழைத்துக்கொண்ட வாசனை அது.

பாகூர்ப் பக்கத்து ஆசுபத்திரி ஒன்று, பெயர் வேண்டாம். பிரெஞ்சுக்காரன் ஆட்சி. எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் அவமானம்தான், தேதி விஷயத்தில் பிறரைத் திருத்துகிறவன் நான். யுத்தம் தொடங்கிய பிறகு என்பது நிச்சயம். பஞ்சு கிடைப்பது அரிதாகியிருந்தது. வீராம்பட்டினம் தேர் முடிந்து ஆவணி பிறந்துவிட்டது என்பதும் நிச்சயம். தேர்க்கூட்டம் கலைந்த கையோடு ஊருக்கு ஊர் வாந்திபேதி கிளம்பியிருந்தது.

பஞ்சை ஏன் சொன்னேன் என்றால், அப்போதெல்லாம் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித்தான் எதையும் அளப்போம். குழாயின் மேல்வாயில் பஞ்சு செருகியிருக்கும். நமக்கும் கிருமிக்கும் நடுவில் அந்தப் பஞ்சுதான் காவல். ரப்பர் கையுறை ஒரு ஜோடி இருந்தது. சைக்கிள் டியூப் ஒட்டுப் போட்டது. பெரிய டாக்டர் புதுச்சேரியிலிருந்து பார்வையிட வரும் நாளில் மட்டும் அது பெட்டியை விட்டு வெளியே வரும்.

அறையில் நானும் முசே அந்துவானும்தான். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பட்டணத்துக் கிறிஸ்தவர், என்னைவிட மூத்தவர், ஓயாமல் மூக்குப்பொடி போடுகிறவர். நோயாளிகளின் வீட்டார் சோதனைக்காகச் செம்பில் கொண்டுவரும் கழிவை நாங்கள் பீங்கான் குவளையில் ஊற்றிக்கொண்டு, செம்பைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அவர்களிடம் வேறு செம்பு இருக்காது. நாங்கள் குடிப்பதற்கும் அதே மாதிரிக் குவளைதான்; ஆசுபத்திரியில் வேறு தினுசு வாங்கவில்லை. அதற்காக முசே ஒரு சட்டம் வைத்திருந்தார்: நோயாளியுடையது இடக்கைப் பக்கம், நம்முடையது வலக்கைப் பக்கம். சோற்றுக் கை எது என்று தெரிந்த எவனும் இதை மறக்க மாட்டான் என்பது அவர் வாதம். நாங்கள் மறக்கவும் இல்லை. மறக்காததால்தான் வினை வந்தது.

அன்று காலை மழை. முசேயின் தலைக்கு மேலே ஓடு ஒழுகியது. வழக்கமாக ஒரே பக்கம் அடுத்தடுத்து உட்காருகிறவர்கள் நாங்கள். முசே தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டார். கடற்கரைக் குப்பத்திலிருந்து ஒரு பெண், தன் புருஷனின் பேதியைச் செம்பில் கொண்டுவந்திருந்தாள். அவன் ஆசுபத்திரிக்குப் பின்னாலிருந்த ஓலைக் கொட்டகையில் கிடந்தான். முசே அதைக் குவளையில் ஊற்றித் தட்டால் மூடி, சட்டப்படி தன் இடக்கைப் பக்கம் வைத்தார். நானும் சட்டப்படி என் நீராகாரத்தை வலக்கைப் பக்கம் வைத்திருந்தேன், தட்டால் மூடித்தான்.

எதிரெதிரே உட்கார்ந்தவர்களில் ஒருவருடைய இடம் மற்றவருக்கு வலம்.

எழுதிக்கொண்டே கையை நீட்டி ஒரு குவளையை எடுத்துக் குடித்தேன். கடுமையான ஜலதோஷம், வாசனையும் இல்லை, ருசியும் பாதிதான். பாதி குடித்துவிட்டு வைத்தேன். முசே குவளைக்காகக் கை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. ஒரே மாதிரி இரண்டு குவளைகள், பக்கத்தில் பக்கத்தில்.

"இன்னாபா குடிச்ச?"

"நீராகாரம், முசே."

"எந்தக் குவளைல?"

இரண்டு குவளைகளையும் பார்த்தேன். வாந்திபேதிக்காரனின் கழிவு எப்படி இருக்கும் என்று தினமும் பார்க்கிறவன் நான். அரிசி கழுவிய தண்ணீர் போல இருக்கும்.

"உப்பு கரிச்சுதா?"

"கரிச்சுது" என்றேன் ஆசையாக. நீராகாரத்தில் நானே உப்புப் போட்டிருந்தேன்.

"அதுவுந்தான்டா கரிக்கும்" என்றார். இரண்டையும் மாறி மாறி முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த மூக்கு பொடிக்கு வாழ்க்கைப்பட்டு வெகுகாலம். "சேசு மரி சூசையே! சும்மா இரு, அழுவாத. தொடாத கொவளய பாத்துடறேன். அதுல கிருமி ஓடுதுன்னா நீ குடிச்சது உன்னுது."

ஓடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை.

மழை இருட்டில் மைக்ராஸ்கோப்புக்கு வெளிச்சம் போதவில்லை. முசே அடிக்கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாணமாகி முதல் ஆடி கழிந்து அப்போதுதான் மனைவி தாய்வீட்டிலிருந்து திரும்பியிருந்தாள். காலையில் அந்த நீராகாரத்தைத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தவள் அவள்தான். வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

"இருக்குபா!" என்று முசே கத்தினார். "ஓடுது பார், மீன்குஞ்சாட்டம்! நெறைய இருக்கு!"

நான் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டேன். இருவரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் நீர் வழிந்தது. "கடவுளே, கடவுளே" என்று உரக்கவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

திரும்பினால், ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண். கழுவிய செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். மழையில் நனைந்த முகம் முழுக்கச் சிரிப்பு.

"நல்ல சேதிதான சாமி?"

முசே சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனார். என்ன சொன்னார் என்பது என் காதில் விழவில்லை. அந்த வருஷத்து வாந்திபேதியில் பிழைத்தவர்களும் உண்டு. அவள் புருஷன் பிழைக்கவில்லை.

மறுநாளே முசே குடிக்கிற குவளைகளை அறையை விட்டே அப்புறப்படுத்தினார். பிறகு ஓலைக் கொட்டகையும் போயிற்று, வாயால் உறிஞ்சும் குழாயும் போயிற்று, பிரெஞ்சுக்காரனும் போனான். போன வாரம் நான் போன இடத்தில் பரிசோதனை அறைக்கு ஜன்னலே இல்லை. உள்ளே இருப்பவர்களின் முகத்தை வெளியே காத்திருப்பவர்கள் பார்க்க வழியில்லை. முடிவு ஒட்டிய உறையில் வருகிறது.

அந்தச் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல சுவர்.