பார்க்காத நாளுக்கு ஒரு கோடு

மகளின் ஸ்கூட்டர் வாசலில் அப்படியே நிற்கிறது. உள்ளே புகுந்த சேறு காய்ந்து, வெயில் ஏறினால் கண்மாய் வாடை அடிக்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிட எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

அவள் வீரசோழன் கிராமத்துப் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். போன வாரம் பள்ளி விட்டு வரும்போது, தரைப்பாலத்தில் ஓடை வெள்ளம் வண்டியோடு அவளைப் புரட்டிவிட்டது. ஆடு மேய்ப்பவர் ஒருவர் துண்டை வீசி இழுத்துப் போட்டிருக்கிறார். "ஆப்புல பச்சையாத்தானம்மா இருந்துச்சு" என்றாள் வீட்டுக்கு வந்ததும். வெள்ள எச்சரிக்கைச் செயலி அது. பச்சை என்றால் ஓடை வருகிற மேற்குப் பக்கம் மழை இல்லை, தாராளமாகப் போகலாம். அவள் போனில் அதை ஏற்றிக் கொடுத்தவள் நான்தான்.

ஏனென்றால் அதன் உள்ளே ஓடுவது என் கணக்கு. சேற்று வாடையோடு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் சூட்டு வாடையும் எனக்குச் சேர்ந்தே வருகிறது. அப்போது நான் நீர்வள ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த புதிது. மழைமானிக் குறிப்புகளை வைத்து எந்த ஓடையில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணிக்க நிரல் எழுதினேன். காலேஜில் மெடல் வாங்கியவள் அல்லவா, முதல் வரைபடத்தை அச்சடித்து, அந்த ஓடைக்கு மேற்கே பரளச்சியில் மழைமானி பார்க்கிறவரிடம் பெருமையாக நீட்டினேன்.

"என்ன தாயி, இந்தத் தேதியில பேஞ்ச மழையில எங்க கண்மாயே ஒடைஞ்சுச்சு. நீங்க மழையே இல்லைங்கிறீக?"

"நீங்கதானண்ணே நோட்டுல ஒண்ணும் எழுதல?"

"கோடு போட்ருக்கேன்ல? கொழுந்தியா கல்யாணத்துக்குப் போயிட்டேன். பேயலைன்னா சைபரு, பாக்கலைன்னா கோடு. காலேசுல இதச் சொல்லித் தரலையாக்கும்?"

கோடுகளை எல்லாம் சைபர் என்று தட்டியிருந்தேன். அதைச் சரிசெய்ய இரண்டு வருடம் ஆனது. குறிப்பு இல்லாத இடத்தில் நிரல் சுற்றுவட்டார மழையை வைத்து ஊகிக்கும்; ஊகிக்கவும் வழியில்லாவிட்டால் வரைபடத்தில் வெள்ளையாக விட்டுவிடும். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அந்த வெள்ளைதான்.

பிறகு நிலையம் அந்த நிரலை, இந்தச் செயலியை நடத்தும் நிறுவனத்துக்குக் கொடுத்தது. விபத்துக்கு மறுநாள் அங்கே போன் போட்டேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார்.

"பரளச்சி சென்சார் கொஞ்ச நாளா டேட்டா அனுப்பல மேடம். வராத இடத்துல சைபர் போட்ருவோம்."

"நான் எழுதுன விதி என்னப்பா ஆச்சு?"

"இருக்கு மேடம், ஆஃப் பண்ணி வச்சிருக்கோம். மேப்புல வெள்ளை வெள்ளையா ஓட்டை தெரிஞ்சா யூசருக்கு நம்பிக்கை வராதுல்ல?"

நம்பிக்கையாம்! நம்பித்தானே அவள் தண்ணீரில் இறங்கினாள். மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. பரளச்சி இன்றைக்கும் பச்சையாகத்தான் இருக்கிறது.

மழைமானி பார்க்கும் வேலையையே எடுத்துவிட்டார்கள். 'நான் பார்க்கவில்லை' என்று கோடு போட அங்கே இப்போது ஆள் இல்லை. கம்பத்தில் ஒரு சென்சார் பெட்டி இருக்கிறது.

மகள் பஸ்ஸில் போகிறாள். அவள் கிளம்பும் முன் தரைப்பாலத்து டீக்கடைக்குப் போன் போட்டு ஓடையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறேன். "இருங்கக்கா, எட்டிப் பாத்துட்டு வாரேன்" என்கிறார் கடைக்காரர். அவர் திரும்பி வரும்வரை போனைக் காதில் வைத்தபடி நிற்கிறேன்.