கண்ணிமை ஓரத்து மச்சம்

பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போனது ஒரு வியாழக்கிழமை. அந்தத் தோல் மருத்துவமனையில் பதினாறு வருடமாக நோயாளிகளைப் படமெடுப்பவள் என் சித்தி. அங்கே அவளுக்கு மச்சக்காரி என்று பெயர். யோகத்தால் அல்ல, தொழிலால். டாக்டரை வழியனுப்பிவிட்டு வந்தவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் உட்கார்ந்தாள்.

"யாருக்கு எங்கே மச்சம், போன வருஷம் எவ்வளவு இருந்துச்சு, எல்லாம் அவர் தலைக்குள்ளதான்டி இருந்துச்சு. இப்ப தலையே கிளம்பிப் போயிருச்சு."

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து நான் அவள் வீட்டில் தங்கியிருந்த சமயம் அது.

திங்கட்கிழமையே சிக்கல். ஒரு கணக்கு டீச்சரின் கீழிமை ஓரத்து மச்சம் புதிய டாக்டருக்குப் பிடிக்கவில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, வளர்ந்திருந்தால் வெட்டிவிடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்றார். வெட்டினால் இமையிலும் கொஞ்சம் போகும். கண் சரியாக மூடாமல் போகலாம். ஆனால் பழைய கேமராவின் ரா கோப்புகளை, அதாவது சுருக்காத மூலப் படங்களை, புதிய கணினி திறக்கவே மறுத்தது. கூடவே இருந்த ஜேபெக் படங்களில், சுருக்கியதில் மச்சத்தின் விளிம்பு கரைந்து கிடந்தது.

பயணத்தில் எடுத்த படங்களால் எனக்கும் இதே தலைவலி வந்திருந்தது. பழைய ரா கோப்பைத் திறந்து, ஒரு புள்ளியும் இழக்காத டிஃப் படமாக மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

"ஊர் சுத்தினதுல ஒரு புண்ணியம்," என்றார் சித்தப்பா.

"நீங்க வீட்டுலயே உக்காந்து என்னத்தக் கிழிச்சீங்க?" என்றாள் சித்தி.

மறுநாள் முழுக்க உட்கார்ந்து நாலாயிரத்துச் சொச்சம் படங்களை மாற்றினாள். டீச்சரின் பழைய படத்தில் மச்சம் இப்போதிருப்பதில் பாதிதான் தெரிந்தது. டாக்டர் வெள்ளிக்கிழமைக்கு அறுவைச் சிகிச்சை குறித்துவிட்டார்.

சித்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அந்தப் படத்துல என்னமோ இடிக்குதுடி."

புதன்கிழமை காலை, கூட்டிப் பெருக்குகிறவர் வருவதற்கு முன்பே போய்க் கணினியைத் திறந்திருக்கிறாள். நிறம் ஏமாற்றக் கூடாதென்று ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு சாம்பல் நிற அட்டையை வைப்பது அவள் வழக்கம். மாற்றிய படத்தில் அந்த அட்டை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. மென்பொருளில் தானாக வெளிச்சம் கூட்டும் கட்டத்தில் டிக் இருந்ததை அவள் பார்க்கவில்லை. நானும் சொல்ல மறந்திருந்தேன். மச்சத்தின் வெளிறிய ஓரம் தோலோடு தோலாகி, நடுவிலிருந்த கருப்பு மட்டும் மிஞ்சியிருந்தது.

டிக்கை எடுத்துவிட்டு மறுபடி மாற்றினாள். பத்து வருடத்துக்கு முந்தைய மச்சத்தையும் இப்போதைய மச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மயிரிழைகூட வித்தியாசம் இல்லை.

"டாக்டர், தப்பு என்னோடது," என்று போய் நின்றாள்.

அவர் இரண்டு படங்களையும் அளந்து பார்த்தார். "வெள்ளிக்கிழமை வேண்டாம்மா. வருஷா வருஷம் படம் எடுத்துப் பாத்துக்குவோம். ஆமா, மத்த நாலாயிரம்?"

"திரும்ப மாத்தணும். ஒவ்வொண்ணா அட்டையப் பாத்துப் பாத்து."

ஏழு வாரம் ஆனது. அதற்குள் என் கால் மறுபடி அரிக்க ஆரம்பித்து, நான் கிளம்பிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் நிற்கும்போது சித்தியின் செய்தி வந்தது:

"டீச்சர் இன்னிக்கு வந்தாங்க. அப்படியேதான் இருக்கு. எடுக்கும்போது கண்ணைச் சிமிட்டாதீங்கன்னா கேக்கவே மாட்டேங்குறாங்கடி. பன்னெண்டு படம் வீணாப்போச்சு."