கால் முன்னே பிறந்தவளின் முதுகு

நான் பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வந்துவிட்டது. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தில் அப்படிப் பிறந்தவர்களின் காலுக்குத் தனி மதிப்பு. முதுகில் பிடிப்பு என்று வருகிறவர்கள் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். வலிக்கிற இடத்தில் அந்தக் காலால் லேசாக மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. நாலு பேர் எதிரில் நிமிர்ந்து பேசத் தெரியாத எனக்கு, ஊரில் பாதிப் பேரின் முதுகு நன்றாகத் தெரியும்.

கல்யாணமாகி கச்சிராயபாளையம் பக்கம் வந்தேன். காலும் கூடவே வந்தது. என் மாமியார் வாரம் முழுக்க என் குழம்பில் குறை சொல்லுவார். முதுகு பிடித்துக்கொண்டால் மட்டும் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, "வாம்மா, வந்து மிதி. பயப்படாத, நல்லா அழுத்தி மிதி" என்பார். எத்தனை மருமகள்களுக்கு இந்த வார்த்தை கிடைத்திருக்கும் என்று தெரியவில்லை. நான் அழுத்தினதில்லை. நினைத்ததுண்டா என்று யாரும் கேட்கவும் இல்லை.

அப்பேர்ப்பட்ட கால் உள்ளவளின் முதுகே ஒரு நாள் பிடித்துக்கொண்டது.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர் வேலை. கோடை விடுமுறை நெருங்கிய சமயம். சாம்பார் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க வேண்டும். சமைக்கிற அக்கா வாசலில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் வந்திருப்பார். கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு தனியாகவே இறக்கினேன். தோள்பட்டைகளுக்கு நடுவில் சுரீரென்று இழுத்தது. பள்ளிக்கூடம் திறக்கும்போது அண்டாவில் கை வைக்க முடியாவிட்டால் வேலை என்னாகும் என்ற பயம் அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைதான் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

"படுத்தே கெடக்காதீங்கம்மா, கொஞ்சம் கொஞ்சமா நடங்க. தோள்பட்ட ரெண்டையும் மெதுவா பின்னாடி சேத்து, அப்புறம் விடுங்க. சுவத்துல கைய வச்சு மேல ஏத்துங்க, எவ்ளோ போவுதோ அவ்ளோதான். மூச்ச அடக்காதீங்க. லேசா இழுத்தா பரவால்ல, குத்துற மாதிரி வலிச்சா நிறுத்திடணும். கை மரத்துப்போனாலோ, வலி ஜாஸ்தியானாலோ உடனே வந்துடுங்க."

தலையாட்டினேன்.

"இன்னொண்ணு. இந்தப் பக்கம் முதுகுல மிதிக்கிறவங்க இருக்காங்களாமே? அவங்க கிட்ட மட்டும் போயிடாதீங்க."

நான் என் பாதங்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

வீட்டில் சுவரைப் பார்த்து நின்று கையை மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, பல்லி புடிக்கிறியா?" என்றாள். அதற்குப் பிறகு ஒட்டடைக்குச்சியைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டேன். யாராவது வந்தால் அதைத் தொட்டுக்கொள்வேன். உடம்பு முடியாத நேரத்திலும் வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்த ஒட்டடைக்குச்சி ஒரு நாளும் உத்தரத்தைத் தொட்டதில்லை.

கொஞ்ச நாளில் வலி கம்மியானது. ஒரு காலையில் கை தலைக்கு மேல் தடையில்லாமல் போனது. அந்தச் சந்தோஷத்தில், போதும் என்ற இடத்தில் நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே இருந்தேன். அதோடு விடாமல் குடத்தில் தண்ணீரும் தூக்கினேன். மறுநாள் தலை வார முடியவில்லை.

மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. "சுவத்தத் தடவிக்கினு இருந்தா முதுகு நேராயிடுமா?" என்று கேட்டுவிட்டு, மலையடிவாரத்திலிருந்து ஒரு அம்மாவை டவுன் பஸ்ஸில் வரவழைத்துவிட்டார். அந்த அம்மாவும் என்னைப் போல் கால் முன்னே பிறந்தவர். உடம்பு மட்டும் என்னைப் போல் இரண்டு மடங்கு. காபி குடித்தார். பாய் விரித்தாகிவிட்டது. தெருப் பெண்கள் வாசலை அடைத்து நின்றார்கள்.

"வா மே, படு" என்றார் அந்த அம்மா.

மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் படுத்தேன். மிதிபடுகிற இடத்திலிருந்து பாதத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். குதிகாலில் வெடிப்பு ஓடிய பெரிய பாதம் என் கண்ணுக்குப் பக்கத்தில் எழும்பியது. அந்தப் பாதத்துக்குப் பின்னால் எனக்குப் பள்ளிக்கூடத்து அண்டாதான் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"வேணாங்க. தசை இழுத்துக்கினு இருக்கு. இப்ப மிதிச்சா ஸ்கூலு தொறக்கறதுக்குள்ள என்னால ஏந்திரிக்க முடியாதுங்க."

மாமியார்தான் கேட்டார். "ஊரையே மிதிச்சவளுக்கு, தன் முதுகுன்னா மட்டும் வேணாமா?"

நான் பாயை விட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றேன்.

அந்த அம்மா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் பாயிலேயே உட்கார்ந்துகொண்டார். "வுடு, நல்லதாப் போச்சு. எனக்கே நாலு நாளா கழுத்து புடிச்சிக்கினு இருக்கு. வந்ததுக்கு உங்கிட்ட ஒரு மிதி வாங்கினு போலாம்னுதான் பஸ்ஸே ஏறினேன்."

வாசல் முழுக்கச் சிரித்தது. அவருக்கும் வேணாங்க என்றேன். இரண்டாவது தடவை சொல்ல அத்தனை கஷ்டமாக இல்லை. ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னேன். பிறகு சுவரில் கையை வைத்து, வலிக்காத இடம் வரைக்கும் ஏற்றி இறக்கினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மே, இத எவ கண்டுபுடிச்சா?" என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அதற்குப் பிறகு ஒட்டடைக்குச்சியை அதன் மூலையிலேயே வைத்துவிட்டேன். கொஞ்சமாகச் செய்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு அடுப்பில் அண்டா கொதித்தது. அக்கா வாசலில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். பிசியோதெரபியில் இதற்குப் பயிற்சி எதுவும் சொல்லித்தரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, வந்து ஒரு கை புடிங்க" என்றேன்.

அக்கா துணியோடு வந்து மறுபக்கம் பிடித்தார். "இத்தினி வருசமா வாய எங்க வச்சிருந்த?" என்றார். அண்டா தரைக்கு வந்தது. முதுகு ஒன்றும் சொல்லவில்லை.

நான் இப்போது யாரையும் மிதிப்பதில்லை. மாமியாருக்குப் பிடித்துக்கொண்டால் சுவரைக் காட்டுகிறேன். மாமியாரை மிதிக்க மாட்டேன் என்கிற மருமகள் என்று தெருவில் எனக்குக் கெட்ட பெயர்.