மாப்பிள்ளை தேறக்கூடாது என்று நேர்ந்துகொண்ட மொட்டை

கந்தனை நம்பி வாழும் என் சொந்தங்களுக்கு வணக்கம். என் தலையில் இன்னும் அரை விரல் முடிகூட வளரவில்லை. அந்த மொட்டையின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பம் எனக்கு. பெயர் ஏழுமலை, கடல் தொழில். என் தங்கை செல்வியின் கணவன் குமரேசனும் நானும் ஒரே படகு. அவன் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். என்னைப் பெற்றவளே, "எம் மருமவன் கை வச்சா மீனு தானா வருது" என்பாள். போன கோடையில் கரையில் வலைக் கொட்டகை தீப்பிடித்தது. இருவரும்தான் மணலை வாரிக் கொட்டி அணைத்தோம். செய்தித்தாளில் அவன் படம் வந்தது. ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. அது என்னுடையது.

அதன் பிறகு தீயணைப்புக்குத் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இதிலாவது நான் மட்டும் இருக்கலாம் என்று யாருக்கும் தெரியாமல் விண்ணப்பம் போட்டேன். தங்கை எப்படியோ மோப்பம் பிடித்து அவனையும் போட வைத்துவிட்டாள். இருவருக்கும் ஒரே நாளில், செங்கல்பட்டில் மருத்துவப் பரிசோதனை.

தைக் கிருத்திகைக்குத் திருப்போரூர் போனேன். ஊரே நல்லது கேட்கும் சன்னதியில் நின்று நான் கேட்டது இதுதான்: "முருகா, மாப்பிள்ளை இதில் தேறக்கூடாது. தேறாமல் போனால் உனக்கு மொட்டை போடுகிறேன்." எங்கள் பக்கத்தில் நேர்ந்துகொண்டதை முடிக்கும்வரை யாரிடமும் வாய் திறக்க மாட்டோம். அந்த வழக்கம் எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

பரிசோதனை அன்று உயரம், எடை, கண், காது எல்லாம் பார்த்தார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி மார்பளவு எடுத்தார்கள். நான் முகம் சிவக்க இழுத்து, மயிரிழையில் தப்பினேன். அவனுக்கு டேப் பிடித்தவர், "இன்னாப்பா இது, மாரா, பாறையா?" என்று சிரித்தார். எனக்கு அந்த டேப்பைப் பிடுங்கி எறியத் தோன்றியது.

கடைசியில் டாக்டர் அவன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். ஈசிஜி, எக்கோ என்று அனுப்பினார். மத்தியானம் முடிவு சொன்னார்கள். நான் தேறினேன். அவன் தேறவில்லை.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே வந்து ஒரு டீ வாங்கி ருசித்துக் குடித்தேன். அவன் என் தோளைத் தட்டி, "நீயாவது பாஸாயிட்டியே மச்சான், அதுவே எனக்கு சந்தோசமா கீது" என்றான். அப்போதும் என் மனம் இளகவில்லை.

பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி புருஷன் சார்."

"இதய வால்வு ரொம்பச் சுருங்கியிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும். இந்த நிலைமையில தீயணைப்புப் பயிற்சிக்குப் போய் பாரம் தூக்கிட்டு மாடி ஏறியிருந்தா, அங்கேயே விழுந்திருப்பாரு."

நான் கேட்டுத்தான் இது வந்தது என்று நினைத்தேன். என் தங்கையின் தாலியில் நானே கை வைத்துவிட்டதாக நினைத்தேன்.

மாசியில் சென்னையில் அறுவை சிகிச்சை. வெளியே பெஞ்சில் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வேண்டிக்கோண்ணா, நீ வேண்டிக்கினா பலிக்கும்" என்றாள். அந்த வார்த்தை சுட்டது. "முருகா, நான் கேட்டதை மறந்துவிடு. அவனைக் கொடு. என் வேலை, என் பேர், எதுவும் வேண்டாம்" என்று அழுதேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவனுக்காக வேண்டினேன். சாயங்காலம், கண் விழித்துவிட்டான் என்று நர்ஸம்மா வந்து சொன்னார்.

நேர்ந்ததைக் கொடுத்தாக வேண்டுமே. பங்குனியில் திருப்போரூர் போய் மொட்டை போட்டு வந்தேன். மாப்பிள்ளை பிழைத்ததற்காக என்று குப்பமே உருகியது. செல்வி என் காலில் விழுந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. குமரேசன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவன் என் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அடப்பாவி மச்சான். உன் வவுத்தெரிச்சல்தான் என்னைக் காப்பாத்திக்கீது." தையல் போட்ட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

நான் கேட்ட கெட்டதையே கந்தன் நல்லதாக மாற்றிக் கொடுத்தான். அதனால் சொல்கிறேன், மனம் சுத்தமான பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். பொறாமையோடு போனாலும் போய் நில்லுங்கள். என்ன கொடுப்பது என்று அவனுக்குத் தெரியும்.

போன வாரம் பயிற்சிக்கு எனக்குச் சட்டை கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மேலும் கீழும் பார்த்தான். "பொறாமையா கீது மச்சான்" என்றான். இத்தனை வருடம் நான் வாய்விட்டுச் சொல்லாததை அவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். சட்டையைக் கழற்றி அவன் தோளில் போட்டேன். அவனுக்குத்தான் அது சரியாக இருந்தது.