கொட்டாஞ்சேனை ரவுட்டரின் சாவி

மாமாவின் குரல் கொழும்பில், கொட்டாஞ்சேனையில், மாமி வீட்டு ரவுட்டரில் செருகிய ஒரு பென் டிரைவில் இருந்தது. மாமா, என் மனைவியின் அப்பா, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். மாலைச் செபத்தைத் தன் போனில் பதிந்து வைப்பது அவரது வழக்கம். அவர் இறந்த பிறகு பதிவுகளை அங்கே போட்டவன் நான். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ரவுட்டரிலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்றாள் மனைவி.

இரண்டு ரவுட்டரிலும் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். மடிக்கணினியில் கட்டளை கொடுத்தால் ஒரு ரவுட்டரிலிருந்து மற்றதற்குக் கோப்பு போய்விடும். கடவுச்சொல்லுக்குப் பதில் எஸ்எஸ்எச் சாவி. அதுவும் ஒரு சிறிய கோப்புதான். அலுவலகக் கிளைகளின் ரவுட்டர்களையும் நானே பார்ப்பதால், ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி செய்து வைத்திருந்தேன். அதுதான் பாதுகாப்பு என்பார்கள்.

கொட்டாஞ்சேனை ரவுட்டர் என்னை உள்ளே விடவில்லை. மாமிக்குப் போன் எடுத்து லைட் எரிகிறதா என்று கேட்டேன். எரிகிறது என்றார். நிறுத்திப் போடச் சொன்னேன். போட்டார். பலனில்லை. சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

கேபிளைச் செருகி ரவுட்டரின் பதிவேட்டைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. என் கணினி தன்னிடமிருந்த சாவிகளை எல்லாம் ஒவ்வொன்றாக நீட்டியிருக்கிறது. சில பிழையான சாவிகளைப் பார்த்ததும், சரியானது வருமுன்னே ரவுட்டர் தொடர்பைத் துண்டித்துவிட்டது. எந்த ரவுட்டருக்கு எந்தச் சாவி, அதை மட்டும் காட்டு என்று கணினியில் எழுதி வைத்தேன். கோப்புகள் வெள்ளவத்தைக்குப் போயின.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒன்றை ஓட விட்டேன். மாமி தேத்தண்ணியோடு வந்து நின்றார். மாமா செபத்தின் நடுவே நிறுத்தி, "கேத்தல் கொதிக்குது, பாரும்" என்றார். தூரத்திலிருந்து ஒரு பெண்குரல், "கேக்குது, நீங்க செபத்தைச் சொல்லுங்க" என்றது.

"அது நான்" என்றார் மாமி.

"ஓம் மாமி."

அவர் தினமும் கேட்கிறார் என்றே நினைத்திருந்தேன். பதிவுகளை எப்படித் திறப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. மருமகனிடம் கேட்கக் கூச்சமாம். தேத்தண்ணி ஆறும்வரை இருவரும் கேட்டோம். எல்லாவற்றையும் அவர் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் போன் எடுத்தார். வழக்கமாக மகளைத்தான் கேட்பார்; இந்த முறை கேட்கவில்லை.

"மகன், ஒண்டில நிறைய இருமுறார். அந்த இருமலை எடுக்கலாமா?"

எடுக்கலாம் என்றேன். உடனே, வேண்டாம், இருக்கட்டும் என்றார்.