ஞானக்கா மலாயாவுக்குப் புறப்பட்ட விதம்

ஹட்டனில் ஆசிரியர் கூட்டம் என்று சென்ற சனிக்கிழமை காலை, நான் மாற்றலாகி வந்திருக்கும் நானுஓயாவின் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். கீழிருந்து வந்த வண்டியிலிருந்து வட்டவளை முனியம்மா இறங்கினார். என்னைத் தேடித்தான் வந்திருந்தார். "வாத்தியாரய்யா, ஞானக்கா தவறிட்டாங்க. நேத்து அடக்கம் முடிஞ்சிருச்சு. ஒங்களுக்கு ஆள் அனுப்ப முடியல" என்றார். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் திடமாக இருந்தது. "அழக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாங்க. அதான் ரயில்லயே அழுது முடிச்சிட்டேன்" என்றார். நான் முடிக்கவில்லை. கூட்டத்துக்கும் போகவில்லை.

எல்லோரும் ஞானக்கா என்று கூப்பிட்ட ஞானம்மாவை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கடைசிவரை தேயிலைக் கொழுந்து பறித்தவர். எங்கள் சிறிய சபையிலிருந்து கடல் கடந்து ஊழியத்துக்குப் போன முதல் ஆள். அவர் போன கதையை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். அதில் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதை யாரும் சொல்வதில்லை. மரியாதைக்காக மறைக்கிறார்கள் போலும். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இருக்கும் நம் ஜனங்களிடம் மூன்று மாதம் ஊழியம் செய்ய ஓர் ஆளை அனுப்புவதென்று சபை தீர்மானித்தது. அந்த நாட்களில் எங்களில் பலருக்குப் பிரஜாவுரிமையே கிடையாது, பிறகு கடவுச்சீட்டுக்கு எங்கே போவது? பிரஜாவுரிமை மனு அங்கீகரிக்கப்பட்டவர்கள் சபையில் இரண்டே பேர். ஒருவன் நான், தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார், ஊழியக் குழுவின் செயலாளர். இன்னொருவர் ஞானம்மா. அவருக்கு எழுத்து வாசனையே கிடையாது. யாரை அனுப்புவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போதகரிடம் பயணத்துக்குப் பெட்டிகூடக் கேட்டு வைத்துவிட்டேன். சபை கூடி ஜெபித்து ஞானம்மாவைத் தேர்ந்தெடுத்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே சிரித்துக்கொண்டு குழுவில் ஒரு யோசனை சொன்னேன். "போகிறவர் ஆவிக்குரிய விதத்தில் ஆயத்தப்பட வேண்டாமா? கப்பலுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. ஒரு சுவிசேஷம் முழுவதையும் சொல் பிசகாமல் மனப்பாடமாக ஒப்புவிக்கட்டும்." எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். வாசிக்கத் தெரியாதவரால் எப்படி முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. முடியாது என்பதற்காகத்தானே சொன்னேன்!

மறுநாள் மாலை, பள்ளிக்கூடம் விட்டதும் ஞானம்மா வாசலில் வந்து நின்றார். கூடைக் கயிற்றின் தடம் நெற்றியில் இன்னும் ஆறவில்லை. "நீங்க வாசிங்க வாத்தியாரய்யா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. வேண்டுமென்றே வேகமாக வாசித்தேன். "அவ்வளவு அவசரமா ஓடுனா எப்படி? நான் என்ன ஒங்களத் துரத்துறேனா?" என்று சிரித்தார். நாளுக்கு ஐந்தாறு வசனம், அதற்கு மேல் வாங்க மாட்டார்.

வாங்கியதை மறுநாள் மலைக்குக் கொண்டுபோவார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுத் தேயிலை நிரை பிடித்ததும், கை கொழுந்தைக் கிள்ள, வாய் வசனத்தைச் சொல்லும். அடுத்த நிரையில் முனியம்மா. மாரியம்மனுக்கு வருடம் தவறாமல் தீ மிதிக்கிறவர். "அக்கா, நேத்து 'உடனே'ன்னு ஒரு சொல்லு இருந்துச்சே, இன்னைக்கு எங்க முழுங்கிட்டீங்க?" என்று அவர் பிடிப்பார். மேல் நிரையில் இருப்பவள் சிரிப்பாள், கீழ் நிரையில் இருப்பவள் திருப்பிச் சொல்வாள். "என்ன கூத்து அங்க? கை ஓடட்டும்!" என்று கங்காணி சத்தம் போடுவார். ஒரு மாதம் கழித்து அதே கங்காணி நிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாராம். "அந்தப் பன்னியெல்லாம் தண்ணியில விழுந்துச்சே, பன்னி மேய்ச்சவன் கதி என்னாச்சு?" என்று சுவிசேஷக் கதையைக் கேட்டாராம். இதையெல்லாம் முனியம்மா பிற்பாடு சொல்லித்தான் அறிந்தேன்.

ஒப்புவிக்கும் ஞாயிறு வந்தது. எந்த அதிகாரம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை செயலாளருக்கு. இருப்பதிலேயே நீளமானதைக் கேட்டேன். ஞானம்மா பாதிக்கு மேல் சரளமாகச் சொல்லி வந்தவர், ஓரிடத்தில் நின்றார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. சரி, முடிந்தது கதை என்று நான் புத்தகத்தை மூடப்போனேன்.

அப்போது தேவாலய ஜன்னலுக்கு வெளியிலிருந்து அடுத்த சொல் வந்தது. அதைத் தொடர்ந்து பத்துக் குரல்கள் வசனம் முழுவதையும் சொல்லின. "யார் அது? இது பரீட்சை!" என்று கத்தினேன். முனியம்மா ஜன்னலில் தலையை நீட்டினார். "பரீட்சை ஒங்களுக்குத்தான் வாத்தியாரய்யா. நாங்க சாமிய மாத்திக்கிட்டு வரல. நாலு மாசமா எங்க கூடச் சேந்து சொன்ன அக்கா இங்க தலகுனிஞ்சு நிக்குறத நாங்க பாத்துக்கிட்டு இருக்கணுமா?" அதற்குள் ஞானம்மாவுக்கு மூச்சு வந்துவிட்டது. விட்ட இடத்தில் பிடித்தார். உள்ளே ஒரு குரல், வெளியே பத்துக் குரல், அதிகாரம் முடியும்வரை நிற்கவில்லை. போதகர் எழுந்து நின்று, "இதற்கு மேல் என்ன ஆயத்தம் வேண்டும்?" என்று கேட்டார். சபை முழுவதும் எழுந்து பாடியது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

திங்கள் மாலை ஞானம்மா வழக்கம்போல வாசலில் நின்றார். "அதுதான் ஜெயிச்சாச்சே, இன்னும் என்ன?" என்றேன். "இன்னும் ரெண்டு அதிகாரம் ஒங்க வாயால கேக்கணும்" என்றார். அந்த ஒரு சொல்லில் நான் உடைந்துபோனேன். பெட்டி கேட்டது முதல் பரீட்சை வைத்ததுவரை அத்தனையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும்" என்றார். "அன்னைக்கு ஒங்க மேல எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்ல. அதையும் தூக்கிக்கிட்டு கப்பல் ஏற முடியுமா? அதான் தெனமும் நிரை பிடிச்சவுடனே மொதல்ல ஒங்க பேரச் சொல்லி, இவர ஆசீர்வதியும் ஆண்டவரேன்னு கேட்டேன். மொத நாளு வாயே வரல. ஒரு வாரம் தொண்டையிலேயே நின்னுச்சு. மூணாம் மாசம்தான் மனசோட வந்துச்சு. வசனம் படிச்சது லேசு வாத்தியாரய்யா. ஒங்க பேருதான் கஷ்டம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

அவரை வழியனுப்பிய நாளில் வட்டவளை ஸ்டேஷன் கொள்ளவில்லை. சபையார் கீர்த்தனை பாட, மாரியம்மன் கோயில் தப்பு மேளக்காரர்கள் அதற்கு அடித்தார்கள். தாளம் சேரவில்லை, யாருக்கும் கவலையுமில்லை. பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தவன் நான். எனக்கென்று கேட்டு வைத்த அதே பெட்டி. மலாயாவில் அவர் மேடை ஏறவில்லை. விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டும் பெண்களோடு மரத்துக்கு மரம் நடந்து, ஒரு மரத்துக்கு ஒரு வசனம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் கழித்துத் திரும்பிய மறுநாளே பெரட்டில் பேர் கொடுத்தார். பேசச் சொல்லிச் சபைகள் அழைத்தன. கொழுந்து முற்றிவிடும் என்று பாதிக்கு மேல் போகவில்லை.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவர் செய்ததுபோல, மனதில் முள்ளாக நிற்கிறவரின் பெயரைச் சொல்லி ஜெபிக்கும் பழக்கம் ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். எத்தனையோ பெயர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். சென்ற மாதம் சபை மறுபடியும் ஓர் ஆளை மலாயாவுக்குத் தேர்ந்தெடுத்தது. இந்த முறையும் என்னை அல்ல, என்னிடம் எழுத்துப் படித்த ஒருவரை. அன்று மாலை முழங்காலிட்டேன். முதல் நாளே அந்தப் பெயர் மனதோடு வந்தது.