குலம் அண்ணையின் தூள் மெசின்

புத்தூர்ச் சந்தியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் தொலைபேசி அடித்தது. எடுத்தால் குலம் அண்ணையின் பக்கத்து வீட்டுக்காரர். "அண்ணை மோசம் போயிட்டார். காலமை சாப்பிட்டிட்டு கதிரையிலை இருந்தவர், அப்பிடியே சரிஞ்சிட்டார்," என்றார். நான் கோப்பாய்க்குச் சைக்கிளை மிதித்தேன். வழி முழுவதும் துக்கத்தைவிட அலுப்புத்தான் அதிகமாக இருந்தது. எங்கள் வயதில் சாவுச் செய்தி கேட்டுக் கேட்டே உடம்பு களைத்துவிடுகிறது.

தபால் கந்தோரில் எங்களோடு வேலை செய்த உங்களுக்கு அவர் அதிகம் கதைக்காத ஒரு எழுதுவினைஞர். ஓய்வு பெற்றபின் வீட்டோடு அவர் போட்ட மரவேலைக் கொட்டிலை உங்களில் சிலர்தான் பார்த்திருப்பீர்கள். நானும் அவரும் அங்கே முக்காலி, சாமித்தட்டு என்று எதையாவது செய்துகொண்டிருப்போம். எங்கள் முக்காலிகளில் பாதி ஆடும். வாங்கிப்போன சொந்தக்காரர் அவற்றின்மேல் பூச்சட்டி வைத்துச் சமாளித்தார்கள்.

கொட்டிலுக்கும் பவளம் அக்காவின் படுக்கையறைக்கும் நடுவில் ஒரு சுவரும் ஒரு கதவும்தான். அக்கா அவருடைய மனைவி. நெடுநாளாகத் தொய்வு, நன்றாக இருக்கும்போதே மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். வளவின் கோடியில் கொட்டிலைப் போட்டால் என்ன என்று கேட்டேன். "அங்கை நிண்டால் அவள் கூப்பிடுறது எனக்குக் கேளாது," என்றார். கிட்டப் போட்டால் மரத்தூள் அக்காவின் நெஞ்சுக்குள் போகும். இரண்டுக்கும் நடுவில் அவர் கண்ட வழிதான் அந்தத் தூள் மெசின்.

பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. வெளியே தகரக் கூரைப் பத்தியின் கீழ் ஒரு மோட்டர். அதிலிருந்து கொட்டிலுக்குள் வரும் ஒரு தடித்த வளைகுழாய். வாளடியில் பறக்கும் தூளை இழுத்து, வெளியே தொங்கும் துணிப் பையில் சேர்க்கும். துணி தூளைப் பிடித்துக்கொண்டு காற்றை விட்டுவிடும். பை அடைத்தால் இழுவை போய்விடும். அடைத்ததா என்பதை எங்களுக்கு முதலில் சொல்பவர் அக்காதான். நாங்கள் அறுப்பது பெரும்பாலும் வேம்பு. அதன் தூள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வாய்க்குத் தெரியும். "தேத்தண்ணி கைக்குது," என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தால் அண்ணை பாதி அறுத்த பலகையையும் அப்படியே விட்டுவிட்டு எழும்புவார். எனக்கு எரிச்சல் வரும். "உதை முடிச்சிட்டுப் போங்கோவன்," என்பேன். காதில் விழாது.

ஒரு முறை அந்தப் பையை அவர் கிணற்றடியில் போட்டுத் தோய்த்தார். எங்கள் சனத்துக்குத் தண்ணீர் படாத எதுவும் சுத்தம் இல்லை. சவர்க்காரம் போட்டு மிதித்து, பல தரம் அலசி, கொடியில் காயவிட்டார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் தேத்தண்ணிக் கேத்தில் அடியில் எவ்வளவு சுண்ணாம்பைப் படிய வைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதுவே துணியின் கண்களையும் அடைத்துவிட்டது. பை அட்டை மாதிரி விறைத்துப்போனது. தூள் கொட்டிலுக்குள்ளேயே நின்றது. அன்று மத்தியானம் அக்காவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வார்ட்டு வாசலில் அண்ணை என்னிடம், "வெள்ளை வெளேரெண்டு காய்ஞ்சிருக்கெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான், பேயன்," என்றார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதற்குப் பிறகு புதுப் பை தைப்பித்தார். தண்ணீர் காட்டவே இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலையை நேரத்தோடு நிறுத்தி, பையைக் கழற்றி, காற்றுப் பக்கம் பார்த்து வேலியோரம் கொண்டுபோய், மூக்கில் சால்வையைக் கட்டிக்கொண்டு தும்புத்தடியின் காம்பால் மெல்லத் தட்டுவார். குழாயின் பொருத்துகளைத் தடவிப் பார்ப்பார். மோட்டரின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். நான் முகத்தைச் சுளித்தபடி பையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "வெட்டுறதுக்கு எல்லாருக்கும் விருப்பம்தான். தட்டுறதுக்கு ஆர் இருக்கினம்? பிடியும் நீர்," என்பார். உண்மையைச் சொன்னால், அந்த வேலையைப் போல அலுப்பான வேலையை நான் கந்தோரிலும் செய்ததில்லை.

செத்தவீட்டன்று ஹோல் முழுக்கச் சனம். சாம்பிராணி, ஊதுபத்தி, குத்துவிளக்கு. பேரப்பிள்ளைகள் பிடித்த நெய்ப்பந்தம் வேறு. புகை கூரையடியில் முட்டிக்கொண்டு நின்றது. அக்கா அவருடைய தலைமாட்டில் இருந்தார். சிறிது நேரத்தில் தோள்கள் ஏறி இறங்கத் தொடங்கின. தொய்வு மருந்துப் பம்பை வாயில் வைத்து இழுத்தும் கேட்கவில்லை. வெளியே வரச் சொன்னோம். "அவரைத் தூக்குமட்டும் நான் எழும்பமாட்டன்," என்று துண்டு துண்டாகச் சொன்னார். எங்கள் முறைப்படி அதற்குமேல் ஒருவரும் வற்புறுத்தவில்லை.

எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. கொட்டிலுக்குள் போய், கிடந்த குழாய்த் துண்டுகளையெல்லாம் பொருத்தி, படுக்கையறை வழியாக ஹோலுக்குள் இழுத்துவந்து, அக்காவின் தலைக்குமேல் சுவரில் கட்டிவிட்டு மோட்டரின் ஆளியைப் போட்டேன். மெசின் இரைந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "உதென்ன வேலை, செத்தவீட்டுக்குள்ளை?" என்று அண்ணையின் மைத்துனர் என்மேல் சீறினார். நான் குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புகை கயிறு மாதிரித் திரண்டு உள்ளே போனது. அந்தக் கிழமையும் அண்ணை பையைத் தட்டித்தான் மாட்டியிருந்தார்.

"விடுங்கோ," என்றார் அக்கா. "எனக்கு மூச்சு வருது."

அவரைத் தூக்கும்வரைக்கும் அது ஓடியது.

அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வீட்டில் செய்யும் வீட்டுக்கிருத்தியச் சடங்கு வருகிற புதன்கிழமை. அன்றும் ஐயர் வருவார், புகை போடுவார். அக்கா எழும்பாமல் இருப்பார். மரம் அறுக்க எனக்கு இனி மனமும் இல்லை, தோளும் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை பின்னேரம் கோப்பாய்க்குப் போய், பையைக் கழற்றி வேலியோரம் கொண்டுபோய்த் தட்டவேண்டும். குலம் அண்ணையிடமிருந்து எனக்கு வந்தது இந்த வேலைதான். மறுமுனையைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.